பெரிய வியாழனுக்கு ஓர் ஆள்

என் கணவர் உபதேசியாராக இருந்தார். வரக்காப்பொலையில் கண்டி ரோட்டை விட்டு உள்ளே ஏறிப் போனால் வரும் றப்பர் தோட்டம் அது. கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே கொஞ்சம்தான். மற்ற எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சாமியார் கேகாலையில் இருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பூசை வைப்பார். அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மணியடிப்பது, செபமாலை சொல்வது, அன்றைய சுவிசேஷத்தைத் தமிழில் வாசித்து இரண்டு வார்த்தை பேசுவது, சாகக் கிடப்பவர்களிடம் போய் பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாப மந்திரம் சொல்லிக் கொடுப்பது, செத்தவர்களை அடக்குவது எல்லாம் உபதேசியார் வேலை. வார நாட்களில் அவரும் என்னைப் போலப் பால் வெட்டத்தான் போனார்.

கோயில் என்று நாங்கள் சொன்னது பழைய ஸ்டோரின் ஒரு பக்கத்தைத் தகரத்தால் தடுத்து எடுத்த இடம். மறு பக்கத்தில் றப்பர் சீட்டுகளைப் புகை போட்டுக் காய வைத்திருப்பார்கள். அந்த நாற்றம் பீடத்துத் துணியிலும் எங்கள் சேலையிலும் ஏறியிருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் உட்காருவோம். இரண்டு பக்கத்திலும் சேராமல் கதவோரமாகக் கடைசிப் பாயில் வாசக்கூட்டியும் அவர் மனைவியும் உட்காருவார்கள். லயத்து வரிசை வீடுகளின் சாக்கடைக் காண் கழுவி, கக்கூஸ் வாளி எடுக்கிறவரை எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆனால் அந்தக் கடைசிப் பாயில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் தாய் தகப்பன் இல்லாமல் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் வளர்ந்தவள். அங்கிருந்துதான் என்னை அவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் மறுநாள் சுவிசேஷத்தை எனக்கு வாசித்துக் காட்டுவார். எங்கே தடக்குகிறது என்று நான் சொல்வேன். எங்கள் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த சந்தோஷமான காரியம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊழியனைப் பற்றிய சுவிசேஷம் வந்தது. வேலைக்காட்டிலிருந்து களைத்து வரும் ஊழியனைப் பார்த்து, 'வா, உட்கார்ந்து சாப்பிடு' என்று எந்த எஜமான் சொல்வான்? 'முதலில் எனக்குப் பரிமாறு, பிறகு நீ சாப்பிடு' என்றுதான் சொல்வான். அதற்காக அவனுக்கு நன்றியும் சொல்ல மாட்டான். அப்படியே நீங்களும் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு, நாங்கள் உதவாத ஊழியர்கள், செய்ய வேண்டியதைத்தான் செய்தோம் என்று சொல்லுங்கள். இதுதான் அன்றைய வாசகம்.

வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "இது நமக்கு லேசா வெளங்கும். வெட்டு முடிஞ்சு வந்தா தொரை நம்மளக் கூப்புட்டு உக்கார வச்சுத் தேத்தண்ணி குடுக்கிறாரா? நாம என்ன கோவிச்சுக்கிட்டு நாளைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகாம இருக்கிறோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது கடைசிப் பாயிலிருந்து வாசக்கூட்டியின் மனைவி கேட்டாள்.

"அப்ப சருவேசுரனும் தொரை மாதிரிதாங்களா?"

அந்தப் பாயிலிருந்து அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் கணவர் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அது... சாமியார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். "நல்லாக் கேட்டுப்புட்டா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். சாமியார் அடுத்து வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. கீழே ஓடும் ஓயா ஆறு வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. றப்பர் விலை ஏற்கெனவே விழுந்து கிடந்ததால் பாதிக் காட்டில் வெட்டு இல்லை. அரை வயிற்றோடு இருந்த சனங்கள். முதலில் நாட்டுப் பக்கம், சிங்கள ஆட்கள் இருக்கும் கிராமங்களில், வீடு வீடாக விழுந்தார்கள். பிறகு எங்கள் லயத்துக்கும் ஏறி வந்தது. குளிர் நடுக்கம், தலைவலி, நெருப்பாகக் காய்ச்சல், வேர்வை, ஒரு நாள் சுகம், மறுபடியும் நடுக்கம். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொயினா தண்ணி கொடுத்தார்கள். அதனால் எங்கள் பக்கம் பலர் தப்பினார்கள். நாட்டுப் பக்கத்தில் இருந்து போத்தலோடு ஏறி வந்து, "பெஹெத், அம்மே, பெஹெத்" என்று மருந்து கேட்டு வாசலில் நிற்பார்கள். இருந்தால் கொஞ்சம் ஊற்றுவோம்.

என் கணவர் லயம் லயமாகப் போனார். சாகிறவர்களின் காதுக்குள் மந்திரம் சொன்னார். கத்தோலிக்கர் இல்லாத வீடுகளுக்கும் கூப்பிட்டால் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே படுத்தார். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கடைசி நாள் அவருக்கு நினைவு சரியாக இல்லை.

"மணி அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

அன்று புதன்கிழமை. "அடிச்சாச்சு" என்றேன்.

"சனம் வந்திருச்சா?"

"வந்திருச்சுங்க."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மத்தியானம் நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய் வந்தேன். வாசல்படியில் வாசக்கூட்டியின் மனைவி நின்றிருந்தாள். உள்ளே அவள் போகவில்லை. வாசலில் நின்றே பார்த்திருக்கிறாள். என்னைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் குடத்தை இறக்கி வைத்தேன். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. அதைத் துணியால் துடைத்தேன். பிறகுதான் உள்ளே போய் அவரைப் பார்த்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. லயத்துப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். "அழுதுரு தங்கச்சி, நெஞ்சுல வச்சுக்காத, அழுதுரு" என்றார்கள். நான் அழுவதற்காக அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்குள் தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி.

தூக்குவதற்கு ஆள் இல்லை. எங்கள் ஆண்கள் பாதிப் பேர் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். எங்கள் கங்காணியும் கத்தோலிக்கர்தான், கோயிலில் முதல் பாயில் உட்காருகிறவர். காய்ச்சலுக்குப் பயந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். பெட்டி செய்யவும் ஆள் கிடைக்கவில்லை. வரக்காப்பொலை பசாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, அந்த நாட்களில் எந்த மதத்துப் பிணமென்று கேட்காமல் வெள்ளைத் துணி கொடுத்து அனுப்பினார். அந்தத் துணியில் சுற்றி, பழைய கதவுப் பலகையில் கிடத்தினோம்.

வெயில் சாய்கிற நேரத்தில் வாசக்கூட்டி வந்து முற்றத்தில் நின்றார். குளித்துவிட்டு வந்திருந்தார். தலையில் தண்ணீர் சொட்டியது.

"அம்மா, நான் தொடலாங்களா?"

"தொடுங்கண்ணே" என்றேன்.

சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். தலைமாட்டுப் பக்கத்தை அவர் தூக்கினார். மருந்துக்கு வந்திருந்த நாட்டுப் பக்கத்து மனிதர் ஒருவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கால்மாட்டைப் பிடித்தார். குழியையும் வாசக்கூட்டியே ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார். வழக்கமாக என் கணவர் சொல்லும் அடக்கச் செபத்தை நான் சொன்னேன். பாடமாகத் தெரிந்ததால் வாய் தானாகச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மணியடிக்கும் நேரமானது. யாரும் போகவில்லை, அதனால் நான் போனேன். பெண்பிள்ளை உபதேசியார் வேலை செய்வது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். எனக்கு அதைப் பற்றி யோசனையே வரவில்லை. கயிறு தொங்கியது, இழுத்தேன். நடக்க முடிந்த கொஞ்சப் பேர் வந்தார்கள். செபமாலை சொன்னோம். சுவிசேஷத்தை வாசித்தேன். இரண்டு வார்த்தை பேச எனக்குத் தெரியவில்லை. "அவ்வளவுதான்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

அதற்குப் பிறகு கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனேன். கொயினா வாங்கிக் கொடுத்தேன், கஞ்சி காய்ச்சினேன், வாந்தி துடைத்தேன், மந்திரம் சொன்னேன். சனங்கள் என்னைப் பெரிய மனுஷி என்று சொல்லத் தொடங்கினார்கள். "புருசன் செத்தும் தொண்டு செய்யுது பாரு, எம்புட்டு விசுவாசம்" என்றார்கள். விசுவாசம் எங்கே இருந்தது? செபம் சொல்லும்போது வெறும் சத்தம்தான் கேட்டது. ஒரு பிள்ளை என் மடியில் செத்தது. அதன் கண்ணை மூடிவிட்டு, இனி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதை இங்கே எழுதும்போது கூட அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகம் வரவில்லை.

குழி வெட்ட எப்போதும் வாசக்கூட்டிதான் வந்தார். சாதி இந்து வீட்டுப் பிணத்துக்கும் கடைசியில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். காலையில் வாளி எடுப்பார், பிறகு குளித்துவிட்டு மண்வெட்டியோடு வருவார். நான் செபப் புத்தகத்தோடு மேட்டில் உட்கார்ந்திருப்பேன். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு தடவை அவர் குழிக்குள் நின்றபடியே கேட்டார்:

"அம்மா, ஒங்களுக்கு அலுப்பா இல்லீங்களா?"

"தெரியலண்ணே. ஒங்களுக்கு?"

"எனக்கும் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெட்டினார்.

பாஸ்காவுக்கு முந்தின தபசு காலத்தில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. சாமியார் வந்தார். வெள்ளைக்காரர், ஆனால் வெகு காலம் நம் பக்கத்தில் இருந்ததால் தமிழும் சிங்களமும் கலந்து நன்றாகப் பேசுவார். அவருக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது. அங்கி தொளதொளவென்று தொங்கியது. கல்லறைகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்தார். புதுக் குழிகளின் வரிசை முடியும்வரை நடந்து வந்தார்.

புது உபதேசியார் கிடைக்கும்வரை நானே ஞாயிற்றுக்கிழமை செபத்தை நடத்தட்டும் என்றார். என் கணவர் அவரிடம் கேட்க நினைத்த கேள்வி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வாசக்கூட்டியின் மனைவி கேட்டதை அப்படியே சொன்னேன்.

சாமியார் தாடியைத் தடவினார். "அதே சுவிசேஷத்திலேயே இன்னொரு இடம் இருக்கு அம்மா" என்றார். "எஜமான் கலியாண வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றார். ஊழியர்கள் முழிச்சுக் காத்திருக்கிறாங்க. அப்ப அவர் என்ன செய்றார் தெரியுமா? தானே இடுப்பில் துண்டைக் கட்டிக்கிட்டு, ஊழியர்களைப் பந்தியில் உட்கார வச்சுப் பரிமாறுறார். ரெண்டு இடத்தையும் சேர்த்து வாசிக்கணும். ஊழியன் தன்னைப் பத்திச் சொல்ல வேண்டியது ஒண்ணு. எஜமான் அவனுக்குச் செய்ய நினைச்சிருக்கிறது வேற ஒண்ணு. முதல் இடத்தை மட்டும் வாசிச்சா தொரை மாதிரித்தான் தெரியும்."

"சரிங்க சாமி" என்றேன். சொன்னது விளங்கியது. ஆனால் அது எனக்குள் எங்கும் போய்த் தொடவில்லை. வேறு யாருக்கோ சொன்ன நல்ல சேதியைக் கேட்டதுபோல் இருந்தது.

போகும்போது அவர் இன்னொரு காரியம் சொன்னார். பெரிய வியாழனன்று கேகாலைக் கோயிலில், சேசுநாதர் சீஷர்களின் பாதங்களைக் கழுவினதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து ஆளுக்கு ஒருவராக வருவார்கள். எங்கள் தோட்டத்துக்கு எப்போதும் என் கணவர்தான் போவார்.

"இந்த வருஷம் நீயே ஓர் ஆளைப் பார்த்து அனுப்பு" என்றார்.

நான் யோசிக்கவில்லை. யார் அத்தனை பேரையும் சுமந்தார், யார் குழி வெட்டினார் என்று எல்லாருக்கும் தெரியும். வாசக்கூட்டிதான் போகிறார் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொன்னேன். கடைசிப் பாயில் அவர் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். முதல் பாயில் கங்காணி அசைந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் கங்காணி வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டிருந்த மனிதர், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் என் வாசலுக்கு வருகிறார்.

"தங்கச்சி, நீங்க நல்லெண்ணத்துலதான் செஞ்சிருப்பீங்க. நான் இல்லேங்கல. ஆனா அங்க எத்தன தோட்டத்து ஆளுக வருவாங்க. நம்ம தோட்டத்துக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல?"

"இருக்குங்கண்ணே."

"அந்த ஆள் பக்கத்துல மத்தவங்க எப்புடி உக்காருவாங்க? வேணும்னா அந்த ஆளுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுப்போம். கோயிலுக்குப் போக வேற ஆளப் பாப்போம். எங்க மூத்தவன் இருக்கான், நல்ல பையன்."

"சாமி என்னத்தான் பாக்கச் சொன்னாரு. நான் பாத்துட்டேன்."

"நாளைக்கு நீங்களும் இந்தத் தோட்டத்துலதான் இருக்கணும்" என்றார். குரல் உயரவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

அவர் போய்விட்டார். இதை யாரிடமாவது சொன்னால் எனக்குத் துணிச்சல் அதிகம் என்பார்கள். துணிச்சல் இல்லை. பயப்படுவதற்கு என்னிடம் எதுவும் மிச்சம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மறுத்தது வாசக்கூட்டிதான். அவர் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா. நான் போனபோது வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்கம்மா. வேற யாரையாச்சும் அனுப்புங்க."

"கங்காணி ஏதும் சொன்னாருங்களா?"

"அவரு சொன்னாரு. அதுக்கில்லீங்க." அவர் தன் பாதத்தைப் பார்த்தார். பினாயிலும் சுண்ணாம்பும் தோலைத் தின்று, குதிகாலெல்லாம் ஆழமாக வெடித்துக் கிடந்தது. "சாமியாரு இதத் தொடக்கூடாதுங்க. பூசை வைக்கிற கை."

பேதுருவை எங்கள் கோயிலில் இராயப்பர் என்போம். அவரும் இப்படித்தான் சொன்னார் என்று நான் சொன்னேன். நீர் என் பாதங்களைக் கழுவவே கூடாது என்று இராயப்பர் தடுத்தார்; கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று சேசுநாதர் சொல்லிவிட்டார்.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"இராயப்பரு மீன் புடிச்சவருங்க. அது வேறங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள்.

"யாருக்காச்சும் நீங்க செய்யுறதுன்னா வேணாம்னு சொல்ல மாட்டீங்க. ஒங்களுக்கு ஒருத்தர் செய்யுறாருன்னா மட்டும் கசக்குதா? போங்க. நானும் வாரேன். அம்மாவும் வருவாங்க."

பெரிய வியாழன் விடிந்ததும் நாங்கள் மூவரும் ரோட்டுக்கு இறங்கி நடந்தோம். அவர் ஓயாவில் இறங்கிச் செங்கல் துண்டால் பாதத்தைத் தேய்தேய் என்று தேய்த்தார். சில வெடிப்புகளில் ரத்தம் வந்துவிட்டது. மனைவி, "போதும் விடுங்க" என்று கையைப் பிடித்தாள். கேகாலைக்குப் போகும் பஸ்ஸில் அவர் உட்காரவில்லை, வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார்.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் நீள வாங்கு போட்டிருந்தார்கள். பதினொரு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் கடைசியில் போய் நுனியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். அவர் தள்ளியதில் அடுத்தவரும் தள்ள வேண்டி வந்தது. அப்படியே வரிசை முழுக்க நெருங்கி, கடைசியில் மட்டும் ஒரு இடைவெளி தெரிந்தது. கங்காணி குடும்பத்தோடு முன்னால் இருந்தார்.

சாமியார் மேலங்கியைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலில் நின்று, தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து உதட்டால் பாதத்தை முத்தி செய்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குப் பலம் இல்லை. ஒவ்வொரு தடவையும் வாங்கைப் பிடித்துத்தான் எழுந்தார். கடைசி ஆளிடம் வந்தார். வாசக்கூட்டி காலை வாங்குக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

சாமியார் கையை நீட்டியபடி முழங்காலில் அப்படியே இருந்தார். பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை முடித்துவிட்டார்கள். மறுபடியும் தொடங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். யாரோ இருமினார்கள். சாமியாரின் கை நடுங்கத் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் வாசக்கூட்டி காலை நீட்டினார் என்று நினைக்கிறேன். நோயாளிக் கிழவரை அதற்கு மேல் முழங்காலில் வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. இரக்கப்பட்டுத்தான் அவர் இடம் கொடுத்தார்.

தண்ணீர் ஊற்றும்போது பல்லைப் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்தவர்போல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் குனிந்து முத்தி செய்தபோது கண்ணை மூடிக்கொண்டார். என் பக்கத்தில் அவர் மனைவி விம்மினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது நல்ல காட்சி என்று தெரிந்தது. என் கணவர் பார்த்திருந்தால் அழுதிருப்பார் என்றும் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஏற்படவில்லை.

திரும்பி வரும்போது அவர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார். "தண்ணி சில்லுன்னு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அதனால் தோட்டத்தில் ஏதாவது மாறியதா என்று கேட்டால், மாறவில்லை. பாஸ்கா முடிந்த மறுநாள் அவர் வாளி எடுக்கப் போனார். கடைசிப் பாயில் அவர்கள் இருவர்தான் உட்கார்ந்தார்கள். கங்காணி என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவ்வளவுதான்.

அதற்குக் கொஞ்ச நாளில் நான் விழுந்தேன். ஊரெல்லாம் காய்ச்சல் ஓய்ந்த பிறகு எனக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவும் இல்லை. நடுக்கம் வரும்போது கட்டிலின் சட்டம் சுவரில் தட்டும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்கும். கடைசிக் காம்பராவிலிருந்து வாசக்கூட்டியின் மனைவிதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் கணவர் செத்த அன்று வாசல்படியோடு நின்றவள், அன்றைக்கு நேரே உள்ளே வந்தாள்.

"வேணாம். நான் பாத்துக்குறேன்" என்றேன்.

"எதப் பாத்துக்குவீங்க? எந்திரிச்சு ஒக்காரவே முடியல."

"விடும்மா, போ."

"வீட்டுக்காரருகிட்ட இராயப்பர் கதையச் சொன்னீங்களே. அது ஒங்களுக்கு இல்லியா?" என்றாள். கேட்டுக்கொண்டே என் நனைந்த சேலையை உருவினாள். தடுக்க எனக்குப் பலம் இல்லை. வெந்நீரில் துணியை நனைத்து என் முதுகைத் துடைத்தாள். வேர்வையில் சிக்கிக் கிடந்த தலைமயிரை விரலால் பிரித்துவிட்டாள். மடத்தில் இருந்த காலத்தில் கூட யாரும் என்னை அப்படித் தொட்டுப் பார்த்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. என் கணவர் செத்துப் பல மாதங்களுக்குப் பிறகு எனக்குள் ஏற்பட்ட முதல் உணர்ச்சி அந்தக் கூச்சம்தான்.

கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். அப்போது நான், சாமியார் சொன்ன பதிலை அவளிடம் சொல்லவே இல்லை என்று நினைவு வந்து, மெதுவாகச் சொன்னேன். எஜமான் திரும்பி வந்து துண்டைக் கட்டிக்கொள்வதையும், ஊழியர்களை உட்கார வைத்துப் பரிமாறுவதையும் சொன்னேன்.

அவள் கரண்டியைப் பாதி வழியில் நிறுத்திக் கேட்டாள்.

"அப்புடியா எழுதியிருக்கு?"

"அப்புடித்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "வாயத் தொறங்க, கஞ்சி ஆறுது" என்றாள்.

நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு புது உபதேசியார் வந்தார். நீர்கொழும்புப் பக்கத்து மனிதர், மரியாதையானவர். கோயில் சாவியை அவரிடம் கொடுத்தேன். "இவ்வளவு நாளும் நீங்கதான் பாத்தீங்கன்னு சாமி சொன்னாரு" என்றார். "பாக்க வேண்டியதப் பாத்தோம்" என்றேன். அந்த வார்த்தை தானாக வந்தது. தாழ்மையாகச் சொன்னதல்ல. உண்மையாகவே அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. சுவிசேஷத்தில் அந்த ஊழியன் சொல்வதும் அப்படித்தானோ என்னவோ. களைத்துப் போனவன் உள்ளதைச் சொல்கிறான். அதில் தன்னைக் குறைத்துக்கொள்வதும் இல்லை, கூட்டிக்கொள்வதும் இல்லை. அப்படித்தான் அதை அன்றிலிருந்து வாசிக்கிறேன். சரியா என்று சாமியாரிடம் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் வாசக்கூட்டிக் குடும்பம் குருவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனது. அங்கே அவள் தம்பி இருந்தான். மூட்டைகளை லொறியில் ஏற்றும்போது நானும் கை கொடுத்தேன். அவர், "வாரோங்கம்மா" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பிறகு அவர்களைப் பற்றிச் சேதி இல்லை.

றப்பர் விலை கொஞ்சம் ஏறி, மூடிக் கிடந்த காடுகளில் மறுபடி வெட்டு தொடங்கினார்கள். எனக்கு மேட்டுக் காடு கிடைத்தது. ஒரு நாள் காலையில் பட்டையைச் சீவி, பால் இறங்கும் வழியைச் சரிசெய்து, சிரட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் காரணமும் இல்லாமல் அழுகை வந்தது. என் கணவரைப் பற்றி அப்போது நான் நினைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தியோடு ஓடி வந்தாள்.

"என்னக்கா, பாம்பு கீம்பு கடிச்சிருச்சா?"

"இல்லம்மா."

"அப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ போ, பால் கட்டிப்போகும்."

அவள் போகவில்லை. என் வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நான் அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு நான் அவளிடம் போ என்று மறுபடியும் சொல்லவில்லை.